ஒரே ரப்பர், இரண்டு விடை

ஒரு ரப்பர்த் துண்டை இரண்டாக வெட்டி, இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி ஒன்றுதான்: இந்த ரப்பரில் அதிகமாகக் காணப்படும் மூலக்கூறின் மோலார் நிறை என்ன? முதல் கூடத்திலிருந்து 1,000,000 என்று பதில் வருகிறது. அதாவது ஒரு மோலுக்கு ஒரு மில்லியன் கிராம். இரண்டாவது கூடம் 576,000 என்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே வகைக் கருவி. இருவருமே மூன்று முறை அளந்திருக்கிறார்கள். மூன்று அளவுகளும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகின்றன. கணக்கில் யாரும் தப்பு செய்யவில்லை.

பிறகு எப்படி ஏறத்தாழ பாதிக்குப் பாதி வித்தியாசம்?

படிவம் 5 வேதியியலில் பாலிமர் பாடத்தைப் படித்தவர்களுக்கு இயற்கை ரப்பரின் அமைப்பு நினைவிருக்கும். ஐசோபிரீன் என்ற சிறிய மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி அது. ஓர் ஐசோபிரீன் அலகின் நிறை 68. ஆகவே ஒரு மில்லியன் நிறையுள்ள சங்கிலியில் சுமார் 14,700 அலகுகள் இருக்கும். இப்படி நீளமான சங்கிலிகள் உண்டு என்று ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டவுடிங்கர் 1920-இல் எழுதியபோது பலர் நம்பவில்லை. ரப்பர் என்பது சிறிய மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்ட கூட்டம்தான் என்பதே அன்றைய பெரிய விஞ்ஞானிகளின் எண்ணம். ஸ்டவுடிங்கருக்கு நோபெல் பரிசு கிடைக்க 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சங்கிலியின் நீளம் ஏன் நமக்கு முக்கியம்? நம் தாத்தா பாட்டிகள் கித்தாக் காட்டில் பால் வெட்டி, மங்கில் சேர்த்து, தோட்டத்துப் பால் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பால் உறைந்து, காய்ந்து, தொழிற்சாலைக்குப் போனதும் முதலில் அதை அரைவை இயந்திரத்தில் போட்டுப் பிசைவார்கள். சங்கிலி மிக நீளமாக இருந்தால் பிசைய அதிக நேரமும் மின்சாரமும் செலவாகும். பிசைந்து பிசைந்து சங்கிலிகளை அளவுக்கு மீறி அறுத்துவிட்டாலோ டயர் எளிதில் கிழியும். 1965-இல் மலேசியா தன் ரப்பருக்குத் தரக்குறியீடு கொண்டுவந்தபோது, பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அழுக்கு எவ்வளவு என்பது போன்றவற்றை அளந்து சொல்லும் முறைக்கு மாறியது. ரப்பரின் இளகுதன்மைக்குப் பின்னால் இருப்பது சங்கிலியின் நீளம்தான். அதைத் தவறாக அளந்தால், அடுத்து எடுக்கும் முடிவுகள் எல்லாமே தவறும்.

பெரியவர் முதலில், சிறியவர் பிறகு

சங்கிலி நிறையை அளக்க இன்று அதிகம் பயன்படும் முறைக்கு ஜெல் ஊடுருவல் குரோமட்டோகிராபி என்று பெயர். அமெரிக்காவில் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் மூர் 1964-இல் இதை வெளியிட்டார். அதற்கு முன்பு ஒரு பாலிமரை நீளவாரியாகப் பிரிக்க நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் உட்கார வேண்டும். மூரின் முறையில் அது சில மணி நேர வேலையானது. இப்போது அரை மணி நேரமே போதும்.

கருவி இப்படி வேலை செய்கிறது. சுமார் 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் எஃகுக் குழாய். அதற்குள் நுண்ணிய ஜெல் மணிகள் இறுக்கமாக அடைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள், பல அளவுகளில். பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, ஒரு பம்பின் உதவியால் குழாய்க்குள் சீராகச் செலுத்துவார்கள். மறுமுனையில் ஓர் உணர்கருவி, எந்த நேரத்தில் எவ்வளவு பாலிமர் வெளியே வருகிறது என்று பதிவு செய்யும்.

எது முதலில் வெளியே வரும்? சல்லடையை நினைத்துக்கொண்டு 'சிறியது' என்று பதில் சொன்னால் தவறு. ஒரு குடும்பம் பாசார் மாலாமுக்குப் போவதைக் கற்பனை செய்யுங்கள். கடைகளுக்கு இடையே உள்ள சந்துகளுக்குள் சின்னப் பிள்ளைகள் சுலபமாக நுழைவார்கள். ஒவ்வொரு கடையிலும் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் மறுமுனைக்கு வந்து சேருவார்கள். தள்ளுவண்டிக்காரர் சந்தில் நுழைய முடியாது. நடுப்பாதையில் நேராகத் தள்ளிக்கொண்டு முதலில் வெளியே போய்விடுவார். ஜெல் குழாயிலும் அப்படித்தான். பெரிய மூலக்கூறுகள் துளைகளுக்குள் போக முடியாமல் முதலில் வந்துவிடும். சிறியவை நுழைந்து நுழைந்து தாமதமாக வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குழாய்க்கு மூலக்கூறின் எடை தெரியாது. அது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது மட்டுமே தெரியும். கருவி நமக்குத் தருவது ஒரு நேரம். அந்த நேரத்தை நிறையாக மாற்றுவது நாம். தொடக்கத்தில் சொன்ன வித்தியாசம் பிறப்பது இந்த மாற்றத்தில்தான்.

நேரத்தை நிறையாக மாற்ற, நிறை ஏற்கெனவே தெரிந்த தர மாதிரிகள் தேவை. சீரான நீளமுள்ள சங்கிலிகளாகத் தயாரிக்க வசதியானது பாலிஸ்டைரின். ஆமாம், வெள்ளை நுரைப்பெட்டி செய்யப் பயன்படும் அதே பொருள்தான். பல நிறைகளில் பாலிஸ்டைரினைக் குழாயில் அனுப்பி, எது எப்போது வருகிறது என்று குறித்து, ஓர் அளவுத்திருத்தக் கோடு வரைகிறார்கள். பிறகு ரப்பரை அனுப்பி, அது வந்த நேரத்தை அந்தக் கோட்டில் வைத்து நிறையைப் படிக்கிறார்கள்.

அப்படிப் படித்தால் கிடைப்பது, 'இந்த ரப்பர் மூலக்கூறு அடைக்கும் அதே இடத்தை அடைக்கும் பாலிஸ்டைரினின் நிறை'. ரப்பரின் நிறை அது அல்ல.

கையில் ஒரு பென்சில் இருந்தால் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டைரின் அலகின் நிறை 104. அதில் சங்கிலியின் முதுகெலும்பில் நிற்கும் கார்பன் அணுக்கள் இரண்டுதான். மீதி எடையெல்லாம் பக்கவாட்டில் தொங்கும் பென்சீன் வளையம். ஐசோபிரீன் அலகின் நிறை 68. அதில் நான்கு கார்பன் அணுக்கள் முதுகெலும்பில் உள்ளன. ஒரு மில்லியன் நிறையுள்ள பாலிஸ்டைரினில் முதுகெலும்பு சுமார் 19,200 கார்பன் நீளம். அதே நிறையுள்ள ரப்பரில் சுமார் 58,800. மூன்று மடங்கு! ஒரே எடையில் மல்லிகைச் சரத்தையும் தடித்த மாலையையும் எடுத்தால் எது நீளமாக இருக்கும்? ரப்பர் அந்த மெல்லிய சரம். கரைப்பானில் சுருண்டு கிடக்கும்போது அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே 576,000 நிறையுள்ள ரப்பரே ஒரு மில்லியன் பாலிஸ்டைரினின் இடத்தைப் பிடித்து, அதே நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது.

முதல் கூடம் பாலிஸ்டைரின் கோட்டில் படித்ததை அப்படியே எழுதிவிட்டது. இரண்டாவது கூடம் ரப்பருக்குத் தக்கபடி திருத்தியது. டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானில் இந்தத் திருத்தம் சுமார் 0.6-ஆல் பெருக்குவதற்குச் சமம். 'பாலிஸ்டைரின் ஒப்பளவில்' என்று இரண்டு சொற்களை முதல் கூடம் சேர்த்து எழுதியிருந்தால் எந்தக் குழப்பமும் வந்திருக்காது. பல அறிக்கைகளில் அந்த இரண்டு சொற்கள் விடுபட்டுப் போகின்றன. எனக்கு இது ஒரு வேதியியல் பிழையாகவே தெரியவில்லை; அலகு எழுதாமல் விடையை மட்டும் எழுதும் பழைய பழக்கம்தான்.

இதற்கு ஒரு பொது வழியை 1967-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஹென்றி பென்வாவும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். நிறையை மட்டும் எடுக்காமல், நிறையையும் கரைசலின் உள்ளார்ந்த பாகுநிலையையும் பெருக்கிய எண்ணை எடுத்துக் கோடு வரைந்தார்கள். அந்தப் பெருக்குத்தொகை மூலக்கூறு அடைக்கும் இடத்தைக் குறிக்கிறது. வெவ்வேறு பாலிமர்களின் புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. மேலே சொன்ன 576,000-மும் இந்த வழியில் கணக்கிட்டதுதான்.

பம்பு ஒரு விழுக்காடு சோம்பினால்

கோடு சரியாக இருந்தாலும் ஆபத்து தீரவில்லை. அந்தக் கோட்டின் ஓர் அச்சு மடக்கை அளவில் உள்ளது. எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு 3 மில்லிலிட்டர் கரைப்பான் வெளியேறும்போதும் நிறை பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். நம் மூலக்கூறு 15 மில்லிலிட்டரில் வெளியே வர வேண்டும். பம்பு நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் தள்ளுவதாகச் சொல்கிறது. உண்மையில் ஒரு விழுக்காடு குறைவாகத் தள்ளுகிறது. மூலக்கூறு 15 நிமிடத்துக்குப் பதிலாக 15.15 நிமிடத்தில் வரும். கணினி அதை 15.15 மில்லிலிட்டர் என்றே எடுத்துக்கொள்ளும்.

0.15-ஐ 3-ஆல் வகுத்தால் 0.05. பத்தின் அடுக்கு மைனஸ் 0.05 என்பது 0.89. கணிப்பானில் தட்டிப் பாருங்கள். நிறை 11 விழுக்காடு குறைந்துபோகிறது! பம்பில் ஒரு விழுக்காடு பிழை, விடையில் 11 விழுக்காடு பிழை. ஆய்வகத்தில் அளவுகோலால் நீளம் அளக்கும்போது ஒரு விழுக்காடு பிழை விடையிலும் ஒரு விழுக்காடாகத்தான் நிற்கும். மடக்கை அளவில் அந்த நிம்மதி கிடையாது.

இயற்பியலில் தற்செயல் பிழை, முறைப்பிழை என்று இரண்டைப் படித்திருப்பீர்கள். பம்பின் சோம்பல் முறைப்பிழை. பத்து முறை அளந்தாலும் பத்து முறையும் அதே பக்கமாகத்தான் சாயும். மூன்று அளவுகள் ஒத்துப்போனதால் விடை சரி என்று நம்பிவிடக் கூடாது. இதைப் பிடிக்க ஒரு எளிய தந்திரம் உண்டு. ஒவ்வொரு மாதிரியிலும் டொலுயீன் போன்ற சிறிய மூலக்கூறை ஒரு துளி சேர்த்துவிடுவார்கள். அது எப்போதும் கடைசியில், ஒரே கனஅளவில் வர வேண்டியது. அது தாமதமாக வந்தால் பம்புதான் குற்றவாளி. எவ்வளவு தாமதம் என்று பார்த்து மற்ற எல்லா நேரங்களையும் திருத்திவிடலாம்.

காணாமல் போன ஒற்றைச் சங்கிலி

ஒரு ரப்பர்த் துண்டில் எல்லாச் சங்கிலிகளும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஆகவே சராசரி சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் எந்தச் சராசரி? பாலிமர் ஆய்வில் இரண்டு சராசரிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று எண்ணிக்கைச் சராசரி: மொத்த நிறையைச் சங்கிலிகளின் எண்ணிக்கையால் வகுப்பது. மற்றொன்று எடைச் சராசரி: கனமான சங்கிலிக்குக் கூடுதல் மதிப்புக் கொடுப்பது. ஒவ்வொரு சங்கிலியின் நிறையையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, மொத்த நிறையால் வகுக்க வேண்டும்.

பத்தே சங்கிலிகள் உள்ள ஒரு பொம்மை ரப்பரை எடுத்துக்கொள்வோம். ஒன்பது சங்கிலிகளின் நிறை தலா 100,000. பத்தாவது மட்டும் 1,100,000. எண்ணிக்கைச் சராசரி 200,000. எடைச் சராசரி 650,000. இரண்டுக்கும் இடையே உள்ள விகிதம் 3.25. விகிதம் பெரிதாக இருந்தால், சங்கிலிகளின் நீளம் பலவாறாக இருக்கிறது என்று பொருள்.

இப்போது பிழைகளை வரவேற்போம். கரைசலைக் குழாய்க்குள் செலுத்துமுன் 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியில் வடிகட்டுவது வழக்கம். இல்லையென்றால் தூசி போய் விலையுயர்ந்த குழாயை அடைத்துவிடும். ஆனால் இயற்கை ரப்பரில் கரையாத ஒரு பகுதி உண்டு. புரதங்களும் கொழுப்புப் பொருள்களும் சங்கிலி முனைகளைப் பிணைப்பதால் உண்டாகும் வலைபோன்ற ஜெல் அது. ரப்பர் கிடங்கில் கிடக்கக் கிடக்க இந்தப் பிணைப்புகள் பெருகி, ரப்பர் இறுகிப்போகும். வடிகட்டியில் சிக்கிக்கொள்வது இந்தப் பகுதிதான். நம் பொம்மை ரப்பரில் அந்தப் பத்தாவது சங்கிலி வடிகட்டியில் நின்றுவிட்டால் என்ன ஆகும்? இரண்டு சராசரியும் 100,000. விகிதம் 1. 'மிகச் சீரான ரப்பர்' என்று அறிக்கை வரும்! சேமியாப் பாயசத்தை வடிகட்டிக் குடித்துவிட்டு, இதில் சேமியாவே இல்லை என்று சொன்ன கதைதான். கவனமான ஆய்வாளர்கள் எத்தனை மில்லிகிராம் கரைத்தோம், எத்தனை மில்லிகிராம் உணர்கருவியைக் கடந்தது என்று இரண்டையும் ஒப்பிட்டு, காணாமல் போனதையும் சேர்த்தே எழுதுவார்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. உணர்கருவி வரையும் கோடு கடைசியில் தரையைத் தொடுமிடம் தெளிவாக இருக்காது, சற்றே நெளியும். எங்கே பாலிமர் முடிகிறது, எங்கே வெறும் நெளிவு தொடங்குகிறது என்பதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். தவறுதலாகக் கொஞ்சம் தள்ளிக் கோடு போட்டதால், நம் பத்துச் சங்கிலிகளோடு இல்லாத பத்துக் குட்டிச் சங்கிலிகள், தலா 1,000 நிறையில், கணக்கில் சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மொத்த நிறையில் அவை அரை விழுக்காடுகூட இல்லை. எடைச் சராசரி 650,000-இலிருந்து சுமார் 647,000 ஆகிறது. அசையவே இல்லை எனலாம். ஆனால் எண்ணிக்கைச் சராசரி? 200,000-இலிருந்து 100,500-க்கு விழுந்துவிடும். பாதி போய்விட்டது! ஒரு சுட்டியைக் கணினித் திரையில் சற்று வலப்பக்கம் நகர்த்தியதன் விளைவு இது.

இன்னும் சில தொல்லைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கரைசல் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் மூலக்கூறுகள் நெருக்கியடித்து, வர வேண்டிய நேரத்தைவிடத் தாமதமாக வரும். மிக நீண்ட சங்கிலிகள் இறுக்கமான குழாயில் வேகமாகத் தள்ளப்படும்போது வழியிலேயே அறுந்துபோகலாம். சில மூலக்கூறுகள் ஜெல் மணிகளில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். தாமதமாக வருவதால் சிறியவை என்று பெயர் வாங்கும். கிளைவிட்ட சங்கிலி, அதே நிறையுள்ள நேரான சங்கிலியைவிடச் சிறிய இடத்தில் சுருண்டுகொள்வதால் இளைத்ததாகத் தெரியும்.

இரட்டைத் திமில்

நம் நாட்டு ரப்பரை இந்தக் கருவியில் முறையாகப் படித்த ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று, மலேசிய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஏ. சுப்பிரமணியம் 1972-இல் வெளியிட்டது. வெவ்வேறு மர வகைகளின் ரப்பரை அளந்தபோது, பலவற்றின் வரைகோட்டில் ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு திமில்கள் தெரிந்தன. ஒன்று 100,000 முதல் 200,000 வரையிலான நிறையில். மற்றொன்று ஒரு மில்லியன் முதல் இரண்டரை மில்லியன் வரை. சில வகைகளில் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நின்றன. சிலவற்றில் சிறிய திமில் வெறும் தோள்பட்டையாகச் சரிந்து கிடந்தது. மரத்தின் வகைக்கு ஏற்பச் சங்கிலிகளின் கலவை மாறுகிறது என்பது தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் பயனுள்ள செய்தி.

ஆனால் இப்படியொரு திமிலைப் பார்த்ததும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது ரப்பரின் திமிலா, குழாயின் திமிலா? ஒவ்வொரு குழாய்க்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. மிகப் பெரிய துளைக்குள்ளும் நுழைய முடியாத மூலக்கூறுகள், இரண்டு மில்லியன் ஆனாலும் பத்து மில்லியன் ஆனாலும், எல்லாம் ஒரே நேரத்தில் கும்பலாக வந்துவிடும். அந்தக் கும்பலும் திரையில் ஓர் அழகான திமிலாகவே தெரியும். இதைச் சோதிக்க, இன்னும் பெரிய துளையுள்ள குழாயை மாட்டி மறுபடியும் அளக்க வேண்டும். திமில் கரைந்து பரவினால் அது பொய். இடம் மாறாமல் அதே நிறையில் நின்றால் உண்மை.

தர மாதிரிகளே வேண்டாம் என்று சொல்லும் முறையும் இன்று இருக்கிறது. குழாயிலிருந்து வெளிவரும் கரைசலில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு சிதறுகிறது என்று அளந்தால் நிறையை நேரடியாகக் கணக்கிடலாம். பெரிய மூலக்கூறு அதிகமாகச் சிதறடிக்கும். நல்ல முறைதான். ஆனால் ஒரு தூசித் துகளும் பெரிய மூலக்கூறைப்போலவே ஒளியைச் சிதறடிக்கும். மேலும், செறிவு மாறும்போது கரைசலின் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுகிறது என்ற தகவலைத் தனியாகத் தர வேண்டும். அதில் பிழை இருந்தால் அதுவும் விடைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை அலுவலகம், உலக ஆய்வுக்கூடங்கள் தங்கள் கருவிகளைச் சரிபார்க்க 706 என்ற எண்ணுடைய ஒரு பாலிஸ்டைரின் மாதிரியை விற்றுவந்தது. அளவியலுக்கென்றே இயங்கும் நிறுவனம் அது, அளந்தவர்கள் கைதேர்ந்தவர்கள். அந்த மாதிரியின் எடைச் சராசரியை இரண்டு வெவ்வேறு முறைகளில், இரண்டுமே தர மாதிரி தேவைப்படாத முறைகளில், அளந்தார்கள். ஒளிச்சிதறல் முறை சுமார் 258,000 என்றது. மையவிலக்கியில் சுழற்றி அளக்கும் முறை சுமார் 288,000 என்றது. சான்றிதழில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் போடவில்லை. இரண்டு எண்களையும், எந்த எண் எந்த முறையில் கிடைத்தது என்பதோடு சேர்த்து, அப்படியே அச்சிட்டிருந்தார்கள்.